எந்த ஸ்டிக் என்பது கடைசிக் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால், இணையத்தில் வரும் படங்களையும் தொடர்களையும் பார்ப்பதற்காக டிவியில் செருகும் ஸ்டிக்குகளுக்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்கும் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. வாங்குகிறவர்களும் ‘எந்த ஸ்டிக் நல்லது?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்பதே சரி. வீட்டில் என்ன பார்க்கப்போகிறோம், அது எந்த இணையத் தளத்தில் (ஓடிடி) வருகிறது, அந்தத் தளத்தின் எந்தத் திட்டம் டிவியில் ஓடும், டிவி மாட்டியிருக்கும் சுவரருகே இணையம் எவ்வளவு வேகத்தில் கிடைக்கிறது என்ற நான்கும் தெரிந்துவிட்டால் எந்தக் கருவி என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும். வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். அதைத் தவிர்க்கவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தளங்களிலிருந்து தொடங்குவோம். சன் டிவி தொடர்களைத் தவறவிட்டுப் பிறகு பார்ப்பவர்களுக்கு சன் நெக்ஸ்ட். விஜய் டிவி நிகழ்ச்சிகளுக்கும் ஐபிஎல்லுக்கும் ஜியோஹாட்ஸ்டார். ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் இணைந்து உருவானது இது. ஜீ தமிழுக்கு ஜீ5. சினிமாதான் சிதறிக் கிடக்கிறது. புதுத் தமிழ்ப் படம் திரைக்கு வந்த நான்கு வாரம் வாக்கில் நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஆஹா, சோனி லிவ் என்று ஏதாவது ஒன்றில் இறங்குகிறது. எதில் என்பது படத்துக்குப் படம் மாறும். டிடி தமிழ் போதும் என்பவர்களுக்குப் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி 2024 நவம்பர் முதல் இலவசமாகவே இருக்கிறது. கேபிளில் எல்லாச் சேனலும் வருகிற வீட்டில், தொடர்களை ஒளிபரப்பு நேரத்திலேயே பார்த்துவிடுகிறவர்களுக்குத் தனிச் சந்தா எதற்கு என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அடுத்து திட்டம். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் செல்போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும். டிவியில் உள்நுழைந்தால் ஓடாது. 199 ரூபாய்த் திட்டம் டிவியில் ஓடும், ஆனால் 720பி என்ற குறைந்த படத் தெளிவில், ஒரு நேரத்தில் ஒரே திரையில். முழு எச்டி (1080பி) வேண்டுமானால் 499, அதைவிடத் தெளிவான 4கே வேண்டுமானால் 649. 55 அங்குல 4கே டிவியும் 4கே ஸ்டிக்கும் வாங்கி வைத்துவிட்டு 199 ரூபாய்த் திட்டத்தில் பார்க்கிற வீடுகள் உண்டு. படம் மங்கலாக இருக்கிறது என்று அவர்கள் டிவியைத்தான் குறை சொல்கிறார்கள். செல்போன் ரீசார்ஜுடன் ‘இலவசமாக’ வரும் ஓடிடி சந்தாக்களிலும் இதே சிக்கல்தான். அவற்றில் பல, மொபைலில் மட்டும் பார்க்கக்கூடியவை. ரீசார்ஜ் திட்டத்தின் விவரத்தில் ‘மொபைல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்டிக் வாங்கப் போக வேண்டும்.

வேறொரு ஊரில் இருக்கும் மகனின் கணக்கை அப்பா அம்மா இங்கே பயன்படுத்துவதையும் நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலை முதல் இந்தியாவில் கட்டுப்படுத்துகிறது. கணக்கு ஒரே வீட்டாருக்குத்தான். வேறு வீட்டு டிவியில் நுழைந்தால் இது உங்கள் வீட்டு டிவிதானா என்று கேட்கும். பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடுகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதல். பிரைம் கணக்கில் ஐந்து கருவிகள் வரை சேர்க்கலாம், அதில் டிவி இரண்டுதான். பழைய டிவியை விற்றவர்கள், அதைக் கணக்கிலிருந்து நீக்காமலேயே புது டிவியில் நுழைய முயன்று தடுக்கப்படுவது இதனால்தான். அமேசான் கணக்கு அமைப்பில் கருவிகள் பட்டியலைத் திறந்து பழையதை நீக்கினால் சரியாகிவிடும்.

ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா? பிரைம் மாதத்துக்கு 299, ஆண்டுக்கு 1,499. ஐந்து மாதக் கட்டணமே ஓராண்டுக் கட்டணத்தைத் தொட்டுவிடுகிறது. எனவே பொருள் வாங்கவும் பிரைம் பயன்படும் வீட்டில் ஆண்டுச் சந்தா லாபம். இரண்டு மூன்று படங்களுக்காக மட்டும் என்றால் ஒரு மாதம் போதும். நெட்ஃப்ளிக்ஸில் ஆண்டுச் சந்தாவே கிடையாது. இந்த மாதம் ஒரு தளம், அடுத்த மாதம் இன்னொன்று என்று சுழற்றுவதுதான் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். நான்கைந்து தளங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தாலும் ஒரு குடும்பம் ஒரு மாலையில் ஒரு படம்தானே பார்க்கும்!

சுழற்ற வேண்டுமானால் ஆட்டோபேயை, அதாவது சந்தாப் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள நாம் தந்த அனுமதியை, அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். செயலியை டிவியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. தளத்தின் கணக்குப் பக்கத்தில் போய் ரத்து செய்ய வேண்டும்; பிறகு யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து அதையும் நீக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. அந்த எஸ்எம்எஸ்ஸைக் கவனிக்காமல் விட்டால் பணம் போய்விடும். நெட்ஃப்ளிக்ஸில் பணம் கட்டிய அன்றே ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பதும், சேர்வதைவிட விலகுவதைக் கடினமாக்குவதும் ‘சந்தாப் பொறி’ என்ற பெயரில் 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசிப் புகார் தரலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

இனி இணையம். நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி தரத்துக்கு 5, 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவருக்கு இதெல்லாம் சிறிய எண்ணாகத் தெரியும். ஆனாலும் படம் நடுவில் வட்டமடித்து நிற்கிறது. காரணம், 100 என்பது மோடம் இருக்கும் இடத்து வேகம். மோடம் வாசலருகே முன்னறையில் இருக்கும். டிவி இரண்டு செங்கல் சுவர் தாண்டி உள்ளறையில் இருக்கும். ஸ்டிக்கோ அந்த டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்திருக்கும்.

சோதிப்பது எளிது. செல்போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் இணைத்து, டிவியின் பின்புறம் ஸ்டிக்கைச் செருகும் எச்டிஎம்ஐ துளை இருக்கும் இடத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தைத் திறக்க வேண்டும். அது நெட்ஃப்ளிக்ஸ் நடத்துவது. படம் வரும் அதே வழியின் வேகத்தைக் காட்டும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒருமுறை, 5 கிகாஹெர்ட்ஸில் ஒருமுறை, இரவு ஒன்பது மணி வாக்கில் பார்க்க வேண்டும். ஊரே படம் பார்க்கும் நேரம் அது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு முட்டிக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது கிட்டத்தட்டப் பயனற்றுப் போகும். இரண்டிலும் 15க்குக் கீழே என்றால் 4கே கருவி வாங்குவதால் பயனில்லை. முதலில் மோடத்தை இடம் மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் மோடத்திலிருந்து டிவி வரை ஒரு லேன் கேபிளை இழுத்து, லேன் துளை உள்ள பெட்டியாக வாங்குங்கள், அல்லது ஸ்டிக்குக்கான ஈதர்நெட் அடாப்டர் வாங்குங்கள். அந்த அடாப்டரின் உச்சம் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் 4கேவுக்கு அது தாராளம்.

டேட்டா அளவையும் பார்க்க வேண்டும். முழு எச்டி மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே 7 ஜிபி வரையும் எடுக்கும். தினம் 2 ஜிபி தரும் சிம்மின் ஹாட்ஸ்பாட்டில் எச்டி படம் பார்த்தால் முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். தினம் நான்கு மணி நேரம் 4கே பார்த்தால் மாதம் 840 ஜிபி. ஃபைபர் இணைப்புகளில் 3,300 ஜிபி வரம்பு வழக்கமாக இருப்பதால் கவலையில்லை. கூரையில் ஆன்டெனா வைத்துத் தரும் கம்பியில்லா வீட்டு இணைப்பு என்றால் மாத வரம்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கருவிக்கு வரலாம். வீட்டில் இருப்பது ஸ்மார்ட் டிவி என்றால் முதலில் அதையே சோதித்துப் பாருங்கள். வேண்டிய செயலிகள் எல்லாம் இருந்து, பத்து நொடிக்குள் திறந்தால் வேறு எதுவும் வேண்டாம். இணைய நிறுவனமே ஒரு பெட்டி தருகிறதா என்றும் கேளுங்கள். பல திட்டங்களில் தருகிறார்கள். டிவி 1080பி என்றால் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கின் எச்டி வகை போதும், ஆனால் அதன் ரேம் 1 ஜிபி. செயலி மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு அது இழுக்கும். 4கே டிவிக்கு 2 ஜிபி ரேம் உள்ள ஃபயர் டிவி 4கே, ஷாவ்மி 4கே போன்றவை சரி. இவற்றில் சேமிப்பிடம் பெரும்பாலும் 8 ஜிபி. அதில் இயங்குதளமே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பயன்படாத செயலிகளை அவ்வப்போது நீக்க வேண்டும். ஆப்பிள் டிவி இவற்றைவிடப் பல மடங்கு விலை. முகப்பில் விளம்பரம் இல்லை, நெடுநாள் வேகம் குறையாது. ஐபோன் உள்ள வீட்டுக்குத்தான் அந்த விலை பொருந்தும்.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு ‘8கே, எல்லாச் சேனலும் வாழ்நாள் இலவசம்’ என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி. அதில் இருப்பது கூகுள் உரிமம் தந்த ஆண்ட்ராய்டு டிவி இயங்குதளமே கிடையாது. செல்போனுக்கான திறந்த ஆண்ட்ராய்டை டிவிக்குத் தைத்திருப்பார்கள். கட்டணப் படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் ‘வைட்வைன்’ முறையின் உயர்நிலையான ‘எல்1’ சான்று பெரும்பாலும் இருக்காது. கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் 480பி தரத்துக்கு மேல் தராது. பணம் கட்டி 4கே சந்தா வாங்கினாலும் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெட்டியில் தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் (மால்வேர்) ஏறி வந்தது வெளியானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற தீநிரல் வலையில் சிக்கும் இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதம் கூகுள் தொடர்ந்த வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் தொற்றுக்கு ஆளாகியிருப்பதாகக் கூறியது. இவை செய்வது என்னவென்றால், நம் வீட்டு இணைய முகவரியை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுவது. அவர்கள் செய்யும் மோசடி நம் முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். நம் வங்கிச் செயலி இருக்கும் போனும் அதே வைஃபையில்தான் இணைந்திருக்கிறது.

கடையில் நின்றபடியே சோதிக்கலாம். பெட்டியை இயக்கச் சொல்லி, பிளே ஸ்டோரின் அமைப்புகளில், கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ‘பிளே ப்ரொடெக்ட் சான்றிதழ்’ என்ற வரியில் ‘சான்றளிக்கப்பட்டது’ என்று வருகிறதா என்று பாருங்கள். முகப்புத் திரை செல்போன் போலத் தெரிந்தாலோ, பிளே ப்ரொடெக்டை அணைத்துவிட்டு ஒரு செயலியை நிறுவுங்கள் என்று சொன்னாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவு விலை ‘ஸ்மார்ட்’ டிவிகள் சிலவற்றிலும் இதே குறை உண்டு. விலைச்சீட்டில் ‘கூகுள் டிவி’ என்றோ ‘ஆண்ட்ராய்டு டிவி’ என்றோ முத்திரை இருக்கிறதா, வெறும் ‘ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு’ என்று மழுப்பியிருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும்.

மாட்டுவதில் வரும் தவறுகள் பெரும்பாலும் மின்சாரம் பற்றியவை. ஸ்டிக்குக்கு வேண்டியது 5 வோல்ட், 1 ஆம்பியர். டிவியின் பின்னாலிருக்கும் யுஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். வயர் தொங்காமல் அழகாக இருக்கிறது என்று அதில் செருகினால், முகப்பு வரும். படம் தொடங்கியதும் கருவி அணைந்து மீண்டும் லோகோவிலிருந்து தொடங்கும். கருவி கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். தவிர, டிவியை அணைக்கும்போது அந்தத் துளையிலும் மின்சாரம் நின்றுவிடுவதால் இரவில் நடக்க வேண்டிய புதுப்பிப்புகள் நடக்காது. பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கிலேயே செருக வேண்டும். கூடவே வரும் சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது ஸ்டிக்கை டிவியின் உலோக முதுகிலிருந்து விலக்கி வைக்கும். வைஃபை நன்றாகப் பிடிக்கும், மே மாத வெயிலில் சூடும் குறையும்.

4கே டிவியிலும் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் 4கே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) வாங்காது, எச்டிஎம்ஐ 2.0 வகையும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையின் ஆதரவும் உள்ள துளையைத் தேடிச் செருக வேண்டும். டிவி அமைப்பிலும் அந்தத் துளைக்கு முழு அலைவரிசையைத் திறந்துவிட வேண்டியிருக்கும்: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு’. எச்டிஎம்ஐ துளையே இல்லாத பழைய குழாய் டிவிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. 2006க்குப் பின் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும் அந்த வகைதான். எச்டிஎம்ஐயை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கம்பிக்கு மாற்றும் கருவி வாங்கினால் யூடியூப் வரும். ஆனால் நகல் தடுப்புக் காரணமாகக் கட்டணத் தளங்களில் பல சமயம் கறுப்புத் திரைதான். அந்த டிவிக்கு ஸ்டிக் வாங்க வேண்டாம்.

வயதானவர்கள் உள்ள வீடுகளில் வரும் புகார் ஒன்றுதான்: பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை. படம் ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலியில் வருகிறது. வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது. டிவியில் இருப்பதோ இரண்டு சிறு ஸ்பீக்கர். ஃபயர் டிவியில் அமைப்புகள், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், ஆடியோ, சரவுண்ட் சவுண்ட் என்று போய் ‘பிசிஎம்’ (இரண்டு ஸ்பீக்கருக்கான சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். படம் ஓடும்போது ஒலித்தேர்வில் தமிழ் 5.1, தமிழ் என்று இரண்டு இருந்தால் வெறும் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டு மாற்றமே பெரும்பாலும் போதும். சவுண்ட்பார் வாங்கும் செலவு மிச்சம். அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் டிவியின் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அமைப்பையும் அணைத்துவிட்டால் சினிமா சீரியல் போலத் தெரிவதும் நிற்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். யு/ஏ 13+ (13 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டியவை) மற்றும் அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தளங்கள் பூட்டு வசதி தந்தாக வேண்டும். அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். பெரியவர்களின் புரொஃபைலுக்கும் பின் எண் போட மறக்கக் கூடாது. குழந்தை புரொஃபைலை மட்டும் பூட்டினால் பக்கத்துப் புரொஃபைலில் நுழைந்துவிடுவார்கள்.

பழுது என்று தெரிந்தால் உடனே எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். மின்தடைக்குப் பிறகு ஸ்டிக் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், மோடம் எழ மூன்று நிமிடம் கூட ஆகலாம். ‘நெட்வொர்க் இல்லை’ என்று வருவது அதனால்தான், பொறுத்திருந்தால் போதும். ஃபயர் டிவி உறைந்துபோனால் ரிமோட்டின் நடுப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து ஐந்து நொடி அழுத்தினால் மறுதொடக்கம் ஆகும். 2025 மார்ச்சில் உலகமெங்கும் கூகுளின் டிவிக் கருவியான குரோம்காஸ்டின் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் ஒரே நாளில் செயலிழந்தன. உள்ளே பொதிந்திருந்த பத்தாண்டு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதே காரணம். கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. பொறுத்தவர்களுக்குத் தானாகவே சரியானது; அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள்தான் மீண்டும் இணைக்க முடியாமல் தவித்தார்கள்.

அந்தச் சம்பவம் இன்னொன்றையும் காட்டுகிறது. கருவி நன்றாக இருக்கும்போதே மென்பொருளால் செத்துப்போகலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தில் இணையும் வீட்டுக் கருவிகளுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இங்கே ஃபிரிட்ஜின் மேல் மின்சாரச் செலவுக்கு நட்சத்திரச் சீட்டு ஒட்ட வைக்க முடிந்த அரசால், டிவிப் பெட்டியின் மேல் ‘இந்த ஆண்டு வரை புதுப்பிப்பு உண்டு’ என்று ஒரு வரி அச்சிட வைக்கவும் முடியும். இதை மத்திய அரசு செய்ய வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் ஓடிடியில் வரும் படங்களின் பட்டியலை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. தளத்தின் பெயரோடு, டிவியில் பார்க்கக் குறைந்தபட்சம் எந்தத் திட்டம் தேவை, அதன் மாதக் கட்டணம் எவ்வளவு, பிறமொழிப் படமானால் தமிழ் ஒலி உண்டா அல்லது சப்டைட்டில் மட்டுமா என்ற மூன்றையும் சேர்த்து வெளியிட்டால் அந்தப் பட்டியல் பல குடும்பங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.